கருப்பராயனுக்கு விட்ட நாய்கள்

ராசாத்தாள் முதல் நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, அவளுடைய கணவர் திருமூர்த்தி அவளிடம் நான்கு கேள்விகள் கேட்டார். அவர் அதிகம் பேசுபவர் அல்லர். நாள் முழுவதற்கும் உரிய பேச்சில் பாதியைக் காளைகளிடமும் மீதியை மனைவியிடமும் பேசித் தீர்த்துவிடுவார் என்று அவருடைய நண்பர் நாகூர் மீரான் கேலி செய்வது வழக்கம். அப்படிப்பட்டவர் வண்டியின் நுகத்தடியைப் பிடித்தபடி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கவே, ராசாத்தாளுக்குச் சிறிது அச்சமாகவும் இருந்தது. இவர் இத்தனை பேசுகிறாரே என்று சிறிது மகிழ்ச்சியாகவும் இருந்தது.

அவ்வாண்டுக் கோடையில் கோயமுத்தூர் நகரத்தில் வெறிநாய் ஒன்று பலரைக் கடித்துவிட்டது. கடிபட்டவர்கள் ஊசி போட்டுக்கொள்வதற்காகக் குன்னூருக்கு ரயிலேறினார்கள். நகரசபையார் தண்டோராப் போட்டு, கழுத்தில் பித்தளை வில்லை இல்லாத நாய்களையெல்லாம் பிடித்துக் கொல்வதற்கு ஆட்களை அமர்த்தினர். கணபதியில் தோட்டம் வைத்திருந்த ராசாத்தாள், வாரந்தோறும் கத்தரிக்காயும் அவரைக்காயும் ஏற்றிக்கொண்டு நகரத்துச் சந்தைக்குப் போகிறவள். சந்தை நாய்களுக்கு அவளுடைய வண்டிச் சத்தம் தெரியும். கட்டுச்சோற்றில் ஒரு பங்கை அவற்றிற்கு இட்டுவிட்டுத்தான் அவள் கை நனைப்பாள். அந்த வாரம் அவள் வண்டியை அவிழ்த்தபோது எதிர்கொண்டு வந்தது ஒரே ஒரு நாய்தான். காது கிழிந்த கறுப்புப் பெட்டை. மற்றவை எங்கே என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அதனைத் தூக்கிச் சாக்கின்மேல் படுக்கவைத்தாள். காய்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினாள். வழியிலேயே, இனி வாரந்தோறும் அகப்பட்டதை ஏற்றி வருவது என்று முடிவு செய்துவிட்டாள்.

அந்த முடிவைக் கேட்ட பின்னர்தான் திருமூர்த்தி தம் கேள்விகளைத் தொடங்கினார். அவை என்ன தின்னும் என்றார். கம்பும் ராகியும் குதிரில் இருப்பதாக அவள் சொன்னாள். எங்கே வைப்பது என்றார். சென்ற ஆண்டுப் பஞ்சத்தில் ஆடுகளை விற்றபின் பட்டி வெறுமனே கிடக்கிறது, கிளுவை வேலி ஆளுயரத்துக்கு அடர்ந்திருக்கிறது என்றாள். ஒன்றுக்கு வெறி பிடித்து யாரையாவது கடித்துவிட்டால் என்றார். புதிதாக வருகிற ஒவ்வொன்றையும் பனைமரத்தடியில் தனியே கட்டி வைத்துப் பார்த்துவிட்டே பட்டியில் சேர்ப்பதாகவும், அப்படியும் கடிபட்டால் குன்னூருக்குத் தானே போவதாகவும் சொன்னாள்.

நான்காவது கேள்வியை அவர் சற்று நிறுத்திக் கேட்டார்.

"செரி. அப்புறம் அதுக எங்க போகும், அம்மணி?"

ராசாத்தாள் காளைகளின் கழுத்தைத் தடவினாள். "அதப் பாத்துக்கலாமுங்க" என்றாள். மறுமொழி இல்லாத இடத்தில் அந்தப் பக்கத்தார் எல்லாரும் சொல்லுகிற மறுமொழி அது.

வாரந்தோறும் நாய்கள் வந்தன. எண்ணெய்ச் செக்கின் அருகே வளர்ந்து பிண்ணாக்கைத் தவிர வேறொன்றும் அறியாத செவலை நாய் ஒன்று. எவர் வந்தாலும் எழுந்து இடம் விடுகிற சாம்பல் நிற நாய் ஒன்று. பஞ்சாலையின் வாயிலில் கிடந்த கிழட்டு நாய் ஒன்று. அதற்குக் கண்களில் வெண்மை படர்ந்திருந்தது. ஆலைச் சங்கு தலைக்கு மேலே ஊதியபோதும் அது அசையாமல் படுத்திருந்ததைக் கண்டே, அதற்குக் காதும் கேளாது என்று ராசாத்தாள் அறிந்துகொண்டாள். முதுகில் இரண்டு முறை கை வைத்தால்தான் அது சோறு வந்திருப்பதை உணர்ந்து எழும். அதற்குப் 'பெரியவர்' என்று பெயரிட்டாள். பெயரிட்டபின் மரியாதை குறையலாகாதல்லவா? பட்டிக்குள் நுழையும்போதெல்லாம், "வாங்க பெரியவரே, எந்திரிங்க, சாப்புடுங்க" என்றே அழைப்பாள். மற்ற நாய்களுக்கும் அம்மரியாதை நாளடைவில் கிடைத்துவிட்டது. "தள்ளி நில்லுங்க, ஒருத்தர ஒருத்தர் கடிக்காதீங்க" என்று அவள் பட்டிக்குள் இதமாகக் கெஞ்சுவதைக் கேட்ட வழிப்போக்கர்கள், உள்ளே ஒறம்பரையாக உறவினர் வந்திருப்பதாக எண்ணிக்கொண்டு போனதும் உண்டு.

கோட்டைமேட்டில் சாக்குக் கிடங்கு வைத்திருந்த நாகூர் மீரான், கிழிந்த சாக்குகளைப் படுக்கைக்கென்று அனுப்பிவைத்தார். நேரிலும் ஒருநாள் வந்து படலுக்கு வெளியே நின்று பார்த்தார். "அக்கா, பயிர மேய்ஞ்ச மாட்ட அடைக்கற தொண்டுப்பட்டி பாத்திருக்கறேன். நாய்க்குத் தொண்டுப்பட்டி இப்பத்தான் பாக்கறேன். தண்டம் கட்டி மீட்டுட்டுப் போறதுக்கு எவன் வரப் போறானுங்க?" என்றார். ராசாத்தாள் சிரித்தாள். அவர் கேட்டதும் அந்த நான்காவது கேள்விதான் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை.

ஆடிக்காற்று தொடங்கிய பின் ஒருநாள், செவலை நாய் வேலியின் அடியில் பள்ளம் பறித்து வெளியேறி, அடுத்த தோட்டத்துப் பாலுசாமியின் ஆட்டைத் துரத்தியது. ஆடு வாய்க்காலில் விழுந்து காலை முறித்துக்கொண்டது. பாலுசாமி நல்லவர், ஆனால் ஆட்டின் கால் அவருக்குப் பெரிது. உறவினர் சிலரைக் கூட்டிக்கொண்டு தடியோடு வந்துவிட்டார். திருமூர்த்தி அப்போது அன்னூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். ராசாத்தாள் மட்டும் படலுக்கு முன்னே நின்றாள். அவளுக்குப் பின்னால், தங்களுக்கு என்ன நேரப்போகிறது என்று அறியாத நாய்கள் எல்லாரையும் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

"அம்மணி, நீங்க சித்த நகந்துக்குங்க. உங்க மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க" என்றார் பாலுசாமி. அடிக்க வந்த இடத்திலும் அவர் மரியாதையை விடவில்லை.

ராசாத்தாள் வாயிலிருந்து அப்போது வந்த சொற்கள் அவள் எண்ணிப் பார்த்துச் சொன்னவை அல்ல.

"தொடாதீங்க. இதெல்லாம் கருப்பராயனுக்கு விட்ட நாய்ங்க."

தடிகள் தாழ்ந்தன. கொங்கு நாட்டில் ஒருவர் தம் கன்றையோ சேவலையோ நேர்ந்துகொண்டு சாமிக்கு விட்டுவிட்டால், அதன்பின் அவ்வுயிர் சாமியினுடையது. அது வயலில் மேய்ந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு ஓட்டுவார்களேயன்றிக் கல் எறியமாட்டார்கள். நாயை விட்டதாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. எனினும் கருப்பராயன் காவல் தெய்வம். ஊர் எல்லையில் இருக்கும் அவருடைய கற்சிலையின் காலடியில் நாயின் உருவம் செதுக்கப்பட்டே இருக்கிறது. ஆகவே ஐயுறுவதற்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

"முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி" என்று சொல்லிவிட்டுப் பாலுசாமி தடியைக் கீழே போட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். மறுநாட் காலையில் அவருடைய மனைவி ஒரு சட்டி நிறையக் களி கிண்டிக்கொண்டு வந்து, நாய்களுக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டாள்.

அதன்பின் உணவுக்குக் குறைவே இல்லை. செவ்வாய், வெள்ளிகளில் கூழும் சோறும் வந்து குவிந்தன. செக்கு நாய் பிண்ணாக்கை மறந்து பொங்கலுக்குப் பழகிற்று. தான் சொன்ன ஒரு சொல் இத்தனை உயிர்களைக் காத்ததே என்று ராசாத்தாள் உள்ளூரப் பெருமைப்பட்டாள். அந்தப் பெருமை அடுத்த அமாவாசை வரைக்கும் நிலைத்தது.

அமாவாசையன்று அன்னூரிலிருந்து வேங்கடசாமி என்னும் விவசாயி வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் மாலை போட்ட நாய் ஒன்று நொண்டிக்கொண்டே இறங்கிற்று. கிணற்றில் ஊற்றுக் கண்டால் கருப்பராயனுக்கு ஒரு நாய் விடுவதாக நேர்ந்துகொண்டாராம், ஊற்றுக் கண்டதாம். கற்பூரம் ஏற்றி, நாயைப் படலுக்குள் விட்டு, மனம் நிறைந்து கும்பிட்டார். அந்த நாய் இனிக் காவலுக்கு உதவாது என்பதும் அவர் மனநிறைவுக்கு ஒரு காரணம் என்று ராசாத்தாளுக்குத் தோன்றியது. ஆனால் தெய்வத்துக்கு ஒருவர் செலுத்துகிற நேர்த்திக்கடனை வாங்கமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

செய்தி பரவியது. சரவணம்பட்டியிலிருந்தும் துடியலூரிலிருந்தும் நாய்கள் வந்தன. சொறி பிடித்தவை, கண் மங்கியவை, குட்டியும் தாயுமாக ஒரு கூடையில் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் மாலை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் உண்டு. பனைமரத்தடியில் தனியே கட்டி வைக்கும் வழக்கம் இடமின்றி நின்றுபோயிற்று. பட்டியில் நாய்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்தன.

வருகின்றன, போவதில்லை, இதுதான் தன் குறை என்று ராசாத்தாள் கண்டுகொண்டாள். சுற்றிலும் தோட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு தோட்டத்திலும் நரி வந்து ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. நாய் வேண்டாதவர் ஒருவரும் இல்லை. ஆகவே முதலில் பாலுசாமியிடமே போய், ஒன்றை அழைத்துப்போகுமாறு கேட்டாள். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"ஏனுங்க அம்மணி, சாமி நாய நாங் கட்டி வெச்சு, ஒரு நாளைக்குக் கோவத்துல 'சீ, போ'ன்னு சொல்லிப்போட்டா என்ற கதி என்னாகறது? அது செத்துக் கித்துப் போச்சுன்னா?"

மற்றவர்களும் அவ்வாறே கும்பிட்டு விலகினார்கள். அந்தத் தெய்வத்துக்குக் கட்டுப்படாதவர் நாகூர் மீரான் ஒருவரே என்று நினைத்து அவரிடம் போனாள். கிடங்குக்குக் காவல் நாய் வேண்டும் என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

"எனக்குப் பயமில்லீங்க அக்கா. ஆனா உங்க சாமி நாயக் கொண்டுபோய் என்ற கிடங்குல நாங் கட்டிப்போட்டன்னு வெய்ங்க. அப்பறம் உங்க ஆளுங்க என்றகிட்ட ஒரு சாக்கு வாங்குவாங்களா? சாக்கு வாங்காட்டிப் போகுது. என்னையச் சாக்குல போட்டுக் கட்டிப்போடுவாங்க."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும், சொன்னது மெய். தடியிலிருந்து காத்த அதே சொல் இப்போது வீடுகளின் கதவையெல்லாம் அடைத்துவிட்டது.

புரட்டாசியில் நோய் வந்தது. முதலில் கூடையில் வந்த குட்டிகளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகியது. பின்பு அவை பாலை மறுத்தன, அடுத்தடுத்துச் செத்தன. ராசாத்தாள் அவற்றை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டுத் திரும்பியபோது, காது கிழிந்த கறுப்பி எழுந்து வராமல் படுத்தபடியே வாலை மட்டும் அசைத்தது. அன்றே நகரத்துக்கு ஆள் அனுப்பிக் கால்நடை டாக்டர் அரங்கசாமியை வரவழைத்தாள். அவர் சைக்கிளில் வந்தார். கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு நாயாகப் பார்த்தார். நோயுற்றவற்றுக்கு மருந்து கொடுத்தார். பின்பு வேலியருகில் நின்று பட்டியை ஒருமுறை நோட்டமிட்டார்.

"மருந்து நான் எவ்வளவு வேணும்னாலும் தர்றேம்மா. ஆனா இப்படி ஒண்ணா அடைச்சு வெச்சீங்கன்னா மருந்து நிக்காது. நல்லா இருக்கறதையெல்லாம் உடனே பிரிச்சு, வேற வேற இடத்துக்கு அனுப்புங்க. இல்லேன்னா இந்த மாசத்துக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது."

அவர் போனபின் ராசாத்தாள் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகரசபை ஆட்களிடமிருந்து மீட்டுக் கொண்டுவந்து, ஒரே இடத்தில் அடைத்துத் தானே கொல்கிறோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். திருமூர்த்தி வந்து பக்கத்தில் நின்றார். ஊராரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடப் போவதாக அவள் சொன்னாள். நாய்களைக் கருப்பராயனுக்கு விடவேயில்லை, தடியைக் கண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவிட்டால், நாய்கள் மறுபடி வெறும் நாய்களாகிவிடும், கேட்பவர் கொண்டுபோகலாம்.

அன்னூர்க்காரர் கற்பூரம் ஏற்றிவிட்ட நாய் வெறும் நாயாகுமா என்று திருமூர்த்தி கேட்டார். பாலுசாமியின் மனைவி விழுந்து கும்பிட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். கடைசியாக, அவள் மனத்தில் அது பொய்யாகத்தான் இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லறப்பப் பொய்யாத்தான் சொன்னனுங்க. சொன்னதுக்கு அப்புறமும் அது பொய்யாவே இருக்குதுங்களான்னு எனக்குத் தெரியலீங்க."

"அப்படீன்னா அவரையே கேட்டுப்போடலாம்" என்றார் திருமூர்த்தி.

கொங்கு நாட்டார் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக்கேட்பார்கள். சிலையின் இரு தோள்களிலும் நீரில் நனைத்த அரளிப்பூவை ஒட்டிவைத்துவிட்டு, கேட்கவேண்டியதை வாய்விட்டுக் கேட்டு, கைகட்டி நிற்கவேண்டும். வலத்தோளின் பூ முதலில் விழுந்தால் சாமி இசைந்தார். இடத்தோளின் பூ முதலில் விழுந்தால் மறுத்தார். மறுநாட் காலையில் ஊரார் பலர் கூடி நிற்க, பூசாரி செங்கோடன் பூக்களை ஒட்டினார். ராசாத்தாள் முன்னே போய், "கருப்பராயா, உனக்கு விட்ட நாய்கள எங்களுக்கே திருப்பிக் குடுப்பியா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டு வாய் மூடுவதற்குள் இடத்தோளின் பூ விழுந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியது. பாலுசாமி மட்டும் மெல்ல அருகில் வந்து, வருத்தப்படவேண்டாம், சாமிக்கு அந்த நாய்கள்மேல் அவ்வளவு பிரியம் என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் அவளை மேலும் அழவைத்தது. அன்று பிற்பகல் சாம்பல் நாய் இறந்தது. சாகும்போதும், மருந்துச் சட்டியோடு வந்த அவளுக்கு இடம் விடுவதற்காகச் சற்றே நகர்ந்து படுத்தது.

அடுத்த நாள் திருமூர்த்தி கிணற்றில் காளைகளைப் பூட்டிக் கவலை ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார். பாதி வயலுக்குக்கூடத் தண்ணீர் பாயவில்லை. அதற்குள் காளைகளை அவிழ்த்துவிட்டுப் பட்டியை நோக்கி வந்தார். பொழுது இறங்குவதற்கு முன்னால் அவர் காளைகளை அவிழ்த்ததை ராசாத்தாள் தன் மணவாழ்க்கையில் அதுவரை கண்டதில்லை.

"நாம கேட்ட கேள்வி தப்பு, அம்மணி" என்றார். "குடுத்தத எவனாச்சும் திருப்பிக் கேப்பானா? கேட்டாத்தான் குடுப்பாங்களா? அவரு காவக்காரரு. இந்த நாயெல்லாம் அவரோட ஆளுங்க. அறுப்புக்கு ஆள் பத்தலீன்னா நாம என்ன பண்றோம்? பக்கத்துத் தோட்டத்துக்குப் போயி, ரண்டு ஆளு அனுப்புங்கன்னு கேக்கறோம். ஆளு அவங்க ஆளுதான். சோறு நம்ம சோறு. அப்படிக் கேக்கோணும்."

அவர் ஒரே மூச்சில் இத்தனை பேசியதைக் கேட்டு, படுத்திருந்த கறுப்பிகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஆனால் கேட்க வேண்டியவர்கள் நாய் வேண்டுபவர்கள் அல்லவா? ராசாத்தாள் தோட்டந்தோட்டமாகப் போய்ச் சொன்னாள். நாய் கருப்பராயனுடையதாகவே இருக்கும். அவர் இசைந்தால் அதனைக் காவலுக்கு அனுப்புவார். சோறு போட்டு மரியாதையாக வைத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய பொறுப்பு. சாமியின் ஆளை உதைக்கவும் கூடாது, பட்டினி போடவும் கூடாது. 'சீ, போ' என்று ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்வார் என்றும் பாலுசாமிக்காகச் சேர்த்துக்கொண்டாள். எல்லாரும் கேட்டார்கள், நல்ல யோசனைதான் என்றார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தவர்களில் எவரும் முன்னே வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் பாலுசாமிதான் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சிலைக்கு முன்னால் போனார். முந்தின நாள்தான் நரி அவருடைய குட்டிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. "கருப்பராயா, என்ற தோட்டத்துக்கு ஒரு ஆளக் காவலுக்கு அனுப்பு. அந்தச் செவலையனையே அனுப்பினாலும் செரி. ஆட்டத் தொரத்துனவனுக்கு நரியத் தொரத்தத் தெரியாமலா போகும்?" என்றார்.

காற்று அடித்தது. இரண்டு பூக்களும் ஒட்டிக்கொண்டே இருந்தன. ராசாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். கூட்டத்தில் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டுத் திறந்தபோது, வலத்தோள் வெறுமையாக இருந்தது.

அதன்பின் வரிசை கட்டினார்கள். நலமாக இருந்த நாய்கள் அந்த வாரத்துக்குள் ஒவ்வொன்றாகத் தோட்டங்களுக்குப் போயின. வேங்கடசாமியின் நொண்டி நாய்கூட, வாசலில் படுத்துக் குரைக்க ஆள் வேண்டும் என்று கேட்ட ஒரு விதவையின் சாளை வீட்டுக்குப் போயிற்று. எல்லாருக்கும் பூ விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. காளைகளை வாலை முறுக்கி ஓட்டுகிற ஒருவர் உச்சிப்பொழுது வரைக்கும் நின்றும், இரண்டு பூவும் அசையவில்லை. கருப்பராயனுக்கு அவரைத் தெரியும் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். பூவை ஒட்டிய செங்கோடனுக்கும் அவரைத் தெரியும் என்று நாகூர் மீரான் திருமூர்த்தியின் காதில் சொன்னார். இனிமேல் நாயை விடுவதானாலும் பூக்கேட்டபின்தான் விடவேண்டும் என்று செங்கோடன் ஒரு விதியையும் ஏற்படுத்தினார். அதன்பின் நேர்த்திக்கடன்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

நோயுற்றவை பட்டியிலேயே இருந்தன. இடம் கிடைத்தபின் டாக்டர் அரங்கசாமியின் மருந்து நின்று வேலை செய்தது. சில பிழைத்தன, சில வேப்பமரத்தடிக்குப் போயின. கறுப்பி பிழைத்தாள். அவள் எழுந்து நடமாடிய செய்தி கேட்டு நாகூர் மீரான் வெற்றிலையும் பழமுமாக வந்து, கோயில் எல்லைக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டார்.

"மச்சான், என்ற கிடங்குக்கும் ஒரு ஆளு வேணும். நாங் கேட்டா அவரு குடுப்பாரான்னு தெரியல. எனக்காக நீங்க ஒரு வார்த்த கேளுங்க" என்றார்.

திருமூர்த்தி கேட்டார். வலப்பக்கத்துப் பூ உடனே விழுந்தது. ஊரார் முன்னிலையில் விழுந்ததால், இனிச் சாக்கு வியாபாரத்துக்கும் குறைவு வராது என்று மீரான் மகிழ்ந்தார். கறுப்பியை அனுப்ப ராசாத்தாளுக்கு மனமில்லை. முதன்முதலாக வந்தவள் அவள்தான். ஆனாலும், "போயிட்டு வாங்க" என்று சிரித்த முகத்தோடு வண்டியில் ஏற்றினாள்.

மார்கழி பிறந்தபோது, பிழைத்தவையும் தோட்டங்களுக்குப் போய்விட, பட்டியில் பெரியவர் ஒருவர் மட்டும் இருந்தார். அவரை ஒருவரும் கேட்கவில்லை. கண்ணும் காதும் இல்லாத காவலாளை எவர் கேட்பார்? தை மாதத்தில் திருமூர்த்தி புதிய ஆடுகளை ஓட்டிவந்து பட்டியில் அடைப்பதாக இருந்தார். ஆட்டு மந்தையின் காலடியில் அந்தக் கிழட்டு நாய் மிதிபட்டுவிடும் என்று ராசாத்தாள் அஞ்சினாள். வீட்டுக்கு அழைத்துக்கொள்ள மனம் துடித்தது. ஆனால் சாமிக்கு விட்டவளே தன் வீட்டுக்கென்று கேட்பது எப்படி? ஒருமுறை திருப்பிக் கேட்டு, இடப்பக்கத்துப் பூவைக் கண்ணாரப் பார்த்தவள் அவள்.

"விட்டது நீ. கேக்கறது நானு" என்றார் திருமூர்த்தி.

வெள்ளிக்கிழமை பெரியவரையும் கோயிலுக்கு அழைத்துப்போனார்கள். போய்ச்சேர்வதற்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசி நாய் என்பதால் ஊரில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். நாகூர் மீரானும் புளியமரத்தடிக்கு வந்திருந்தார். செங்கோடன் பூவை ஒட்டினார். திருமூர்த்தி மற்றவர்கள் கேட்டதைப் போலவே, தம் வீட்டுக்கு இந்த ஆளைக் காவலுக்கு அனுப்பவேண்டும் என்று கேட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்.

இடத்தோளின் பூ விழுந்தது.

ராசாத்தாள் குனிந்து பெரியவரின் முதுகில் கை வைத்தாள். உண்ணும் நேரம் வந்துவிட்டதென்று எண்ணி, அது சோற்றைத் தேடி மூக்கை நீட்டியது. பாலுசாமி தரையைப் பார்த்தார். செங்கோடன் தீபத்தட்டை எடுத்து வைத்தார். திருமூர்த்தி மட்டும், கீழே கிடந்த பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க பூசாரி, நாங் கேட்டது என்னங்க?" என்றார்.

"காவலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டீங்க."

"வேண்டாமுன்னுட்டாரு."

"ஆமாங்க. வேண்டாமுன்னுட்டாருங்க."

"செரியாத்தான் சொல்லியிருக்கறாரு. காது கேக்காது, கண்ணுந் தெரியாது. இவரப்போயி எவனாச்சும் காவலுக்கு அனுப்புவானா? நாங் கேட்டதுதான் தப்பு. இவர வேலையில இருந்து நிறுத்திப்போட்டாருங்க. அம்புட்டுத்தான்." திருமூர்த்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வேலையில இருந்து நின்னவங்க எங்கீங்க போவாங்க? ஊட்டுக்குத்தான் போவாங்க."

செங்கோடன் சிலையைப் பார்த்தார். பின்பு கூட்டத்தைப் பார்த்தார். மறுப்பதற்கு யாராவது முன்வருவார்களோ என்று அவர் காத்திருந்ததாகத் தோன்றியது. பாலுசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாமி அப்படித்தான் சொல்லியிருப்பார், வேறென்ன சொல்லியிருக்கப் போகிறார் என்றார். அவரோடு வந்திருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். புளியமரத்தடியிலிருந்து நாகூர் மீரான், "மச்சான், இந்த மாசத்துப் பேச்சையும் அடுத்த மாசத்துப் பேச்சையும் சேத்துப் பேசிப்போட்டீங்க" என்று குரல் கொடுத்தார்.

செங்கோடன் திருநீற்றை எடுத்துப் பெரியவரின் நெற்றியில் இட்டார். அது என்னவென்று அறியாமல் பெரியவர் தும்மினார்.

திரும்பும் வழியில் அவர்கள் வண்டி கட்டவில்லை. பெரியவர் நடந்தார், அவர் நின்ற இடத்திலெல்லாம் இருவரும் நின்றார்கள். வேலியோரத்தில் எதையோ நுகர்ந்துகொண்டு அவர் நெடுநேரம் நின்றபோது, கிணற்றடியில் காளைகள் காத்துக்கொண்டிருப்பதைத் திருமூர்த்தி நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆயினும் அவர் அவசரப்படுத்தவில்லை. ராசாத்தாள் குனிந்து அந்த முதுகில் இரண்டு முறை கை வைத்தாள்.

"வாங்க பெரியவரே, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.